சர் ஆம்ப்ரோஸின் தழும்புகள்

"முகத்துல அம்மைத் தழும்பு போடுங்க" என்றார் சர் ஆம்ப்ரோஸ் வின்டர்.

ஓவியர் ஹம்ஃப்ரி காலோவின் தூரிகை அந்தரத்தில் நின்றது.

"யார் முகத்துலங்கய்யா?"

"என் முகத்துலதான்."

ஹம்ஃப்ரிக்குத் தலை சுற்றியது. லண்டனில் பாதிப் பேருக்கு அம்மைத் தழும்பு உண்டு. ஹம்ஃப்ரி வரைந்த படங்களில் ஒருத்தருக்கும் கிடையாது. அதற்காகத்தானே சீமாட்டிகள் அவர் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்! இவரோ பாராளுமன்றத்திலேயே அழகான மனுஷர். மழுமழுவென்ற முகம். இதில் போய்த் தழும்பா?

"ஐயா, வசந்தகாலக் கண்காட்சியில இந்தப் படம்தான் நடுவுல தொங்கப்போகுது. பாக்கிறவங்க எனக்குக் கைத்திறமை போயிடுச்சுன்னு நினைப்பாங்க. அப்புறம் என் பொழைப்பு என்னாவுறது?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடுங்க. மூக்கோரமா ஒண்ணு. இடது கன்னத்துல கொத்தா கொஞ்சம். புருவத்துல ஒண்ணு, அந்த இடத்துல முடி வேண்டாம்."

பொய்முடியை ஒதுக்கிவிட்டு, விரலால் தொட்டுத் தொட்டு இடம் காட்டினார்.

சாப்பாட்டு வேளையில் ஹம்ஃப்ரி மனைவி ஹெஸ்டரிடம் புலம்பினார். அவள் ஆட்டுக்கறியை வெட்டியபடியே சிரித்தாள்.

"இதுகூடவா புரியல? தேர்தல் வருதுல்ல! படத்தை அச்சடிச்சு ஊர் ஊரா அனுப்புவாரு. கசாப்புக்கடைக்காரனும் மெழுகுவத்திக்காரனும் 'அட, நம்மாளு'ன்னு ஓட்டுப் போடணுமே. ஓட்டுக்காக மூக்கையே அறுத்துப்பாங்க இவங்க. தழும்பு என்ன பிரமாதம்!"

ஹம்ஃப்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வேஷக்காரனுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? ஆனால் பெரிய இடத்துச் சமாச்சாரம், முடியாது என்று சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன இடத்திலெல்லாம் தழும்பை வைத்தார்.

படம் முடிந்த அன்று சர் ஆம்ப்ரோஸ் தனியாக வரவில்லை. கூடவே முகத்திரை போட்ட ஓர் இளம்பெண்.

"என் மக ஜெமைமா. அடுத்து இவளை வரையணும்."

"முடியாதுன்னு எத்தனை தடவைப்பா சொல்றது!" திரைக்குள்ளிருந்து குரல் வெடித்தது. "அம்மை வந்து எழுந்ததுலேருந்து நான் கண்ணாடிகூடப் பாக்கிறதில்ல. இந்த மூஞ்சியைப் படம் வேற எழுதி மாட்டணுமா?"

"சரி, வேண்டாம். வந்தது வந்துட்ட, அப்பா படத்தை மட்டும் பாத்துட்டுப் போ."

ஹம்ஃப்ரி படத்தின் மேலிருந்த துணியை எடுத்தார்.

ஜெமைமா பார்த்தாள். சரியாகத் தெரியவில்லையோ என்னவோ, முகத்திரையை விலக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

அப்போதுதான் ஹம்ஃப்ரி அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கோரம் ஒன்று. இடது கன்னத்தில் கொத்தாக. புருவத்தில் முடியில்லாமல் ஒரு கீற்று. ஓட்டு, வேஷம் என்று தான் நினைத்ததையெல்லாம் எண்ணி மனுஷர் கூசிப்போனார்.

"என்னப்பா இது? உங்களுக்கு ஏது தழும்பு?" அவள் குரல் உடைந்தது.

சர் ஆம்ப்ரோஸ் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"'அப்பனை அப்படியே உரிச்சு வச்ச பொண்ணு'ன்னு நீ பொறந்ததுலேருந்து ஊரே சொல்லுது. இப்ப மட்டும் அதை விட்டுக் கொடுத்துடுவேனா?"