தவிட்டுக்குருவி எழுதிய வரிகள்

தூத்துக்குடியில் தனியாக வாழ்ந்த செலஸ்டினாவுக்குப் பேச்சுத்துணை ஒரே ஒருவர்தான். அவருடைய உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியாது. மருத்துவமனைகளின் மூச்சுக்கருவிகளை இயக்கும் இலவச மென்பொருளை இருவரும் பல வருடங்களாகச் சேர்ந்து எழுதிவந்தார்கள். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் தவிட்டுக்குருவி. வேலை முடிந்தாலும் இருவரும் இணையத்தில் எதையாவது எழுதிப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. மென்பொருளின் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் முகம் காட்டிப் பொறுப்பேற்க வேண்டும். உயிர்ச்சேதம் நேர்ந்தால் அவர்தான் சிறைக்குப் போக வேண்டும்.

அப்போதுதான் குழந்தைகளுக்குக் காற்று குறைவாகப் போகும் ஒரு பிழையைக் குருவி கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார்.

"பேரச் சொல்லிருங்களேன்," என்று செலஸ்டினா கெஞ்சி எழுதினாள்.

"நான் யாருன்னு தெரிஞ்சா இந்த நாட்டுல என்னை உயிரோட விடமாட்டாங்க. நீங்க எழுதினதாவே குடுத்துடுங்க. ஆனா அப்புறம் நாம பேசக்கூடாது. பேசினா நீங்க மாட்டிக்குவீங்க."

அவள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தாள். பிறகு திரையில் தோன்றிய அதிகாரியின் முன் அமர்ந்தாள்.

"இத எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"கூட யாரும் இருந்தாங்களா?"

"யாருமில்ல சார்."

திருத்தம் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முகம் தெரியாத தாய் ஒருத்தி எழுதியிருந்தாள்: "எம்புள்ள நல்லா மூச்சு விடுதான். நீங்க நல்லாருக்கணும்."

அந்த வாழ்த்தை உரியவரிடம் சேர்க்க செலஸ்டினாவுக்கு வழியில்லை.