கோழி கேட்காத பேய்

பேய்கள் நள்ளிரவில்தான் வரும் என்று நம்புவது பெரும் பிழை. வாடிப்பட்டிப் பக்கத்துப் பேய்கள் உச்சிவெயிலில்தான் வரும். செத்தவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும் என்பது அதைவிடப் பெரிய பிழை. உறவுமுறை மட்டும் அவர்களுக்கு மறக்கவே மறக்காது. மாமனை மாமா என்றும் அத்தையை அத்தை என்றும்தான் கூப்பிடும். இந்த விஷயத்தில் உயிரோடிருப்பவர்களைவிடப் பேய்கள் ஒழுங்கு. பேயோட்டும் கோடாங்கி விருமாண்டி இதை உடுக்கையடித்துச் சொல்வான்.

ஒச்சாயிக்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. மடியில் கிடந்த மகள் செல்லத்தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது.

"தொண்டை அடைப்பானாம். மதுரை ஆஸ்பத்திரியில இதுக்கு ஊசி இருக்குன்னு கம்பவுண்டர் சொல்றாரு. வண்டியப் பூட்டுங்க" என்றாள் கணவனிடம்.

நல்லகாமன் தன் தங்கச்சியைப் பார்த்தான். தங்கப்பொண்ணு தலையாட்டாமல் அந்த வீட்டில் மாடுகூட அசைபோடாது.

புருஷனை இழந்து, ஒரே மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். போன வருஷம் அந்த மகள் முத்துத்தாய்க்கும் இதே அடைப்பான்தான். அன்றைக்கும் வண்டி பூட்டினார்கள். "ஆஸ்பத்திரியில எம் புள்ள தொண்டைய அறுக்க விடமாட்டேன்" என்று வாசலை மறித்து நின்றாள் தங்கப்பொண்ணு. விருமாண்டி வந்து திருநீறு போட்டான். முத்துத்தாயைப் புளியந்தோப்பில் புதைத்தார்கள்.

"அண்ணே, மதினி பேச்சக் கேக்காத. அங்க போன உசுரு திரும்பாது" என்றாள் இப்போதும்.

"இங்கயே இருந்த உசுரு மட்டும் திரும்பிருச்சாக்கும்?"

கேட்ட பிறகுதான் ஒச்சாயிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. தங்கப்பொண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போது செல்லத்தாய் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தது.

"முத்து வந்திருக்கா. வெளையாடக் கூப்புடுறா."

வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது.

"அவ வாயெல்லாம் மண்ணும்மா" என்றது பிள்ளை.

முளையில் கட்டியிருந்த ஆடு வாசலைப் பார்த்தபடியே, கயிறு இறுக இறுகப் பின்னால் நகர்ந்தது.

நல்லகாமன் கோடாங்கிக்கு ஆளனுப்பினான்.

விருமாண்டி உடுக்கையோடு வந்து உட்கார்ந்தான். நிழல் காலடியில் சுருங்கும் நேரம். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை.

"வந்து நிக்கிறது யாரு? சொல்லு!"

எப்போதும் கேட்கிற கேள்வி. பதிலையும் எப்போதும் அவனே சொல்லிக்கொள்வான். ஆனால் இந்தத் தடவை, மூலையில் இருந்த தங்கப்பொண்ணு தடாலென்று சரிந்தாள். அவிழ்ந்து விழுந்த கூந்தலுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"நான் முத்துத்தாய்."

உடுக்கை ஒரு அடி தப்பியது.

"எ... என்ன தாயி வேணும்? கறுப்புக் கோழியா?"

"வேணாம்."

"கெடாயா?"

"வேணாம். ஊசி வேணும்."

விருமாண்டி தன் தொழிலில் இப்படி ஒரு பேயைக் கண்டதில்லை. "பேய்க்கு எதுக்குத் தாயி ஊசி?"

"எனக்கில்ல. செல்லத்தாய்க்கு. மாமா! வண்டியப் பூட்டு மாமா. எங்காத்தா அன்னைக்கு வாசல மறிச்சா. நான் மண்ணுக்குள்ள கெடக்கேன். மூச்சு முட்டுது. நீயும் மறிச்சேன்னா இந்த வீட்டுல ஒரு புள்ள தங்காது."

மாமா என்று கூப்பிட்ட குரலைக் கேட்டதும் நல்லகாமன் கொட்டிலுக்கு ஓடினான். விருமாண்டி உடுக்கையை மறந்துவிட்டு அவனுக்கு முன்னால் ஓடினான்.

ஒச்சாயி பிள்ளையை வாரி எடுத்தாள். எழுந்தவள் ஒரு கணம் நின்றாள். மூலையில் கூந்தல் மூடிய முகம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"நிக்காத மதினி. நேரமாகுது, ஓடு" என்றது அந்தக் குரல்.

ஒச்சாயி ஓடினாள். வாசல்படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முத்துத்தாய் உயிரோடிருந்த நாளில் அவளை ஒருநாளும் 'மதினி' என்றதில்லை. வாய் நிறைய 'அத்தை' என்றுதான் கூப்பிடும். அந்த வீட்டில் அவளை மதினி என்று கூப்பிட ஒருத்திதான் உண்டு.

திரும்பிப் பார்த்தாள். கூந்தலுக்கு நடுவே இரண்டு கண்கள், பேய்க்குரியவை அல்ல, அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தன.

வெளியே வண்டி பூட்டுகிறவர்களுக்குக் கேட்கும்படி ஒச்சாயி உரக்கச் சொன்னாள்:

"சரி முத்து. அத்தை போயிட்டு வாரேன்."

ஊசி வேலை செய்தது. செல்லத்தாய் பிழைத்து வந்தாள்.

பேய் புகுந்து போன உடம்பு என்று, அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த நல்லது கெட்டதுக்கும் தங்கப்பொண்ணை அழைப்பதில்லை. அவள் தெருவில் வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள்.

செல்லத்தாய்க்குத் தினமும் தலை பின்னிவிடுகிற வேலையை ஒச்சாயி அவளிடம் விட்டுவிட்டாள்.