ஜெயித்தவர் வர வேண்டும்

அந்தப் பழைய சண்டை கேமுக்கு இந்த வருடப் போட்டியில் டெல்பினும் கஃபூரும் மட்டுமே பெயர் கொடுத்திருந்தார்கள். புது கேமுக்கு மேடை. இவர்களுக்குக் கழிவறையோரம் ஒரு டிவி. ஜெயித்தவர் மறுவருடம் கோப்பையோடு வந்து ஆடியே தீர வேண்டும் என்பது வழக்கம்.

டெல்பின் அடிக்க அடிக்க, தடுப்பதற்காகக் கஃபூர் ஒரு பட்டனைத் தட்டினான். இதில் அந்தப் பட்டனுக்கு வேலையே இல்லை. புது கேமில்தான் அது தடுக்கும்.

“அதுல பழக ஆரம்பிச்சிட்டியா?”

“சும்மா, ஆபீஸ் பசங்களோட.”

இன்னும் ஒரே அடி, ஜெயித்துவிடுவாள். அவன் ஜெயித்தால்தானே திரும்பி வருவான்? கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவனிடமிருந்தும் அடி விழவில்லை. திரையில் இரு வீரர்களும் மூச்சுவாங்கி நின்றார்கள். திரும்பிப் பார்த்தாள். அவன் கைகளும் மடியில் இருந்தன.

திரையின் மேலே நேரம் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்தால், குறைவாக அடி வாங்கியிருந்த அவளுக்கே கோப்பை.