எதிர்வீட்டு ஜன்னல்கள்

"அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துடுங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

கேலரி நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள் கெங் யூரோங். பஸ் கண்டக்டர். சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

சுவரில் ஆளுயரத்துக்கு அவள் வீட்டுச் சமையலறை. முடியெல்லாம் கொட்டிப்போன கணவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். இருவர் கண்ணிலும் நீர்.

மீ ஷின்லெய் என்ற இளம்பெண், தன் பத்தொன்பதாவது மாடியிலிருந்து எதிரே தெரிந்த வீடுகளையெல்லாம் எடுத்த போட்டோக்களும் வீடியோவும்தான் கண்காட்சி. பெய்ஜிங்கில் இப்போது இதே பேச்சு.

"பையன் ஹாஸ்டல்ல இருக்கான் சார். அடுத்த மாசம் காலேஜ் நுழைவுத் தேர்வு. அப்பாவுக்குப் புற்றுநோய்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல. வர்றவங்கல்லாம் இதை போன்ல எடுத்துப் போடறாங்க. அவன் கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

கேலரி இயக்குநர் ஓயாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, இது உங்க வீடுன்னு ஏன் நினைக்கிறீங்க? இது மனித குலத்தோட சமையலறை!"

"இல்ல சார். அந்தச் சட்டி என்னோடது."

யாரோ சிரித்தார்கள். ஓயாங் சிரிக்கவில்லை.

"ஒளிக்கிறதுக்கு வாழ்க்கையில எதுவுமே இருக்கக் கூடாதுக்கா. அதைத்தான் கலை சொல்லுது."

யூரோங் ஷின்லெய் பக்கம் திரும்பினாள். "எடுத்தது நீதானேம்மா? நீயாவது சொல்லேன்."

ஷின்லெய் தரையைப் பார்த்தாள். "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. எதை மாட்டறது, எதை எடுக்கறதுன்னு இனி சார்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கல் மனசு! அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்த்துப் பேர் வாங்கறவளுக்கு ஈரம் எங்கிருந்து வரும்?" என்றாள், பார்க்க வந்த ஒரு பெண். சொல்லிவிட்டு, அந்தப் போட்டோ முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சிறப்பு விருந்தினர்களுக்கான காட்சி. ஷாங்காயிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய திரையில் வீடியோ ஓட, ஓயாங் மைக் பிடித்தார்.

"சுவர் என்பதே ஒரு பொய்! வெளிச்சத்துக்கு அஞ்சுகிறவன்..."

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு.

ஓயாங் திரும்பிப் பார்த்தார்.

திரையில் ஒரு வரவேற்பறை. துணி துவைக்கும் பலகை மேல் முட்டி போட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஓயாங். சோபாவில் மனைவி, சூரியகாந்தி விதை கொறித்தபடி டிவி சீரியல் பார்க்கிறாள். அவர் கொஞ்சம் சரிந்து உட்காரப் பார்க்கிறார். அவள் கண்ணைத் திருப்பாமலே ஈ அடிக்கும் மட்டையை நீட்டுகிறாள். ஓயாங் மறுபடி நிமிர்கிறார்.

"அணைங்க! அணைச்சுத் தொலைங்க!"

"வீடியோவை மட்டுமா சார்?" என்றாள் ஷின்லெய், ரொம்பப் பணிவாக.

"எல்லாத்தையும்! போட்டோ, வீடியோ ஒண்ணுகூட இருக்கக் கூடாது! எடுத்துட்டுப் போ!"

அரை மணி நேரத்தில் வாசலில் பலகை தொங்கியது: 'பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது'.

சாயங்காலம் பஸ் டிப்போவுக்கு வந்த ஷின்லெய், துணியில் சுற்றிய போட்டோவை யூரோங்கிடம் கொடுத்தாள். "கிழிச்சுப் போட்டுடுங்கக்கா. நெட்ல போட்டவங்களையும் ஒவ்வொருத்தரா கேட்டு எடுக்க வெச்சுட்டிருக்கேன்."

யூரோங் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏதோ என் நல்ல நேரம்மா. அந்த மனுஷன் வீடும் உன் வீடியோவுல மாட்டியிருக்கு."

"அது முதல்ல வீடியோவுலயே இல்லக்கா. பாவம், குடும்ப விஷயம்னு எடுத்ததை வெளியவே விடாம வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் சேர்த்தேன்."