முகவரிச் சீட்டு

மலேசியாவின் கிள்ளானில் இப்போது டாக்டர்கள் ரத்தக் கொதிப்புக்கு இனத்தைக் காரணம் சொல்வதில்லை. குடியிருக்கும் தெருவைக் கேட்டுவிட்டு, மாத்திரைக்குப் பதிலாக வேறு ஊரை எழுதித் தருகிறார்கள். சீட்டு யார் பேரில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அங்கே குடியேறலாம். குணவதியின் கணவர் சன்னாசிக்குக் கேமரன் மலை கிடைத்து ஏழு மாதம் ஆயிற்று.

குணவதிக்குக் கொதிப்பே இல்லை. அவரிடம் போய்ச் சேருவதற்காகவே கருவாடும் ஊறுகாயுமாகத் தின்று தீர்த்தாள். இன்று அளவு நூற்று எழுபதைத் தொட்டது.

"எனக்கும் கேமரன் மலைதானே டாக்டர்?"

"ஒவ்வொரு ஒடம்புக்கும் ஒவ்வொரு ஊரும்மா," என்று டாக்டர் சீட்டை நீட்டினார். கடலுக்கு அப்பாலிருக்கும் கூச்சிங்.

வாசலுக்கு வருவதற்குள் சன்னாசி போனில் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னொரு தலகாணி வாங்கி வச்சிட்டேன். எப்ப வர்ற?"