ஆரம்ப வேகம்

“அண்ணா, ஆரம்ப வேகம் எவ்வளவுன்னு போடட்டும்?”

சிந்து படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு படகுத்துறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வந்த பிறகு மூன்று டீ குடித்துவிட்டேன்.

உப்பங்கழியில் ஆறு மிதவைகள். படகு நடுவே நேராகப் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் வருகிறவள் வலமும் இடமுமாக வளைந்து ஆறையும் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டால் அடுத்த வேகம். விழுந்தால் அதோடு சரி, மறுபடி வாய்ப்பு கிடையாது.

இன்று நீர்ச்சறுக்கு அணிக்குத் தேர்வு. அணியில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம். அது கிடைக்காவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து தங்கள் தி. நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அப்பா சண்முகசுந்தரம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அவளுக்கு நான்காவது மிதவை ஆகாது. பயிற்சிப் படகை ஓட்ட நான் வந்த இந்த இரண்டு வருஷமும் அங்கேதான் விழுந்தாள். விழுந்து எழுந்து, “இன்னொரு வாட்டிண்ணா” என்பாள். மறுபடி அங்கேயே விழுவாள்.

அப்புறம்தான் அந்த ஃபின் வந்தது. பலகையின் வால் பக்கம் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு தகடு. பலகையோடு வந்தது போதவில்லை என்று வெளிநாட்டிலிருந்து தனியாக ஒன்றை வரவழைத்தாள். தகட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுமா என்று கிண்டல் செய்தேன். அவள் திருகாணியை இறுக்கிக்கொண்டே, திருப்பத்தில் பிடிப்பு கிடைக்கும், பாருங்கள் என்றாள்.

மாட்டிய அன்றே ஆறையும் சுற்றிவிட்டாள்.

தண்ணீரில் கிடந்தபடியே கத்தினாள், சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். நானும் கை தட்டினேன். தட்டிய கைக்கு விஷயம் தெரியும்.

அன்றைக்கு விடிவதற்குள் மச்சானோடு கடலுக்குப் போய்விட்டு, நொச்சிக்குப்பத்தில் கரையேறியதும் நேரே இங்கே வந்திருந்தேன். வலை கனத்தால் இன்ஜினைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வலை கிழிந்துவிடும். எங்கள் ஆட்கள் அதை யோசித்துச் செய்வதில்லை. நான்காவது மிதவையில் அவள் கயிற்றை இழுத்த இழுப்பில் என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் குறைந்திருக்கும்.

உடனே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

மறுநாள் கை தானாகக் குறைக்கவில்லை. நான் குறைத்தேன். மூன்று வாரமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் அப்பா கடை ஆட்கள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாராம். இங்கே பயிற்சிக்கு வருகிற இரண்டு பேர் அதே ஃபினை வரவழைத்து மாட்டினார்கள். அவர்கள் முன்பு விழுந்த இடத்திலேயே விழுந்தார்கள். உங்களுக்குப் பொருத்தத் தெரியவில்லை என்று அவர்களிடம் கூசாமல் சொன்னவன் நான். ஃபின் பாதி, நான் பாதி என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

இன்றைக்குப் படகு வேறு, ஓட்டுகிறவர் வேறு. அதில் வேகத்தைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். யார் கையும் இரங்காது.

நாற்பத்தொன்பதில் தொடங்கி ஏறி வந்தால் தோள் ஓய்ந்துபோகும், ஆனால் சுற்றிய மிதவைகளாவது கணக்கில் நிற்கும். எடுத்த எடுப்பில் ஐம்பத்தைந்து என்று போட்டு நான்காவதில் விழுந்தால் பட்டுப் பிரிவுதான்.

நாற்பத்தொன்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் மூன்று வாரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் அண்ணா அண்ணா என்றவள் அதற்குப் பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று பயமாக இருந்தது.

“என்னண்ணா யோசிக்கிறீங்க? புது ஃபின் வேலை செய்யுதுதானே?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“சூப்பரா வேல செய்து பாப்பா. அம்பத்தஞ்சே போடு.”

அவள் உடனே எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டத்தை நிரப்பினாள். எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது என்று இருந்தது.

“புது ஃபின் பத்து நாளா வீட்டுலதான்ணா கிடக்கு. பழசை மாட்டிக்கிட்டுத்தான் உங்க படகுல ஆறையும் சுத்தினேன்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. “அப்புறம்தான் என் ஜிபிஎஸ் வாட்ச்ல வேகத்தைப் பார்த்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து பலகையை எடுத்துக்கொண்டாள்.

“இப்பகூட அதுக்குத்தான் கேட்டேன்.”