தந்தப்பிடி

தளபதியின் இடுப்பில் தொங்கும் தந்தப்பிடி போட்ட இரண்டு கைத்துப்பாக்கிகளைப் பற்றி எதிரிப் படையிலும் கதைகள் உலவின. சரணடைந்த கேப்டன் பூவராகன் அவற்றைத் தளபதியின் கூடாரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தான். அவர் காவலரை வெளியே போகச் சொன்னார். இடுப்புவாரை அவிழ்த்துத் துப்பாக்கிகளை அவன்முன் மேசைமேல் வைத்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் கலக்கத் தொடங்கினார். பூவராகன் ஒன்றை எடுத்தான். தந்தத்தில் அவர் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. திறந்து பார்த்தான். குண்டுகள் நிரம்பியிருந்தன. அவன் தம்பியைக் கொன்ற படையின் தலைவர், நரைத்த பிடரியோடு, கையெட்டும் தூரத்தில் நின்றார்.

“எடுத்துட்டீங்களா?” என்றார், திரும்பாமலே.

“எடுத்துட்டேன்.”

“கொஞ்சம் கனமா இருக்கும். சீனி தூக்கலா போடட்டுமா?”

பூவராகன் திறந்த துப்பாக்கியை மூடினான்.

“போடுங்கய்யா” என்றான். துப்பாக்கியை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.